குழந்தையை முன்வைத்து

குழந்தையை முன்வைத்துச் செய்யப்படும் எந்தத் தார்மீக வாதத்தின் பேரிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பழைய சந்தேகம்தான். அது ஒரு பிரச்னையாகத் திரண்டது, ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் உள்ள மாலகா நகரத்தில், பதினோரு மாதப் பேத்தியை வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு நான்கு நாட்கள் திரிந்தபோது. மகளுக்கு அங்கே நான்கு நாள் வேலை. மருமகனால் வர முடியவில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை குழந்தை என் பொறுப்பு. பாஷை தெரியாத ஊர், பிப்ரவரியிலும் சுள்ளென்று காய்கிற வெயில், தெருவோர மரங்களில் யாரும் பறிக்காத கசப்பு ஆரஞ்சுகள், பால்புட்டி இரண்டு, ஒரு வண்டி.

வண்டி என்று சொல்லிவிட்டேன். தள்ளுவண்டி என்றால் நமக்கு வேர்க்கடலையும் வாழைப்பழமும்தான் ஞாபகம் வரும். மகள் ‘ஸ்ட்ரோலர்’ என்கிறாள். நம்மிடம் சொல் இல்லாததற்குக் காரணம் நம் குழந்தைகள் இடுப்பில் இருந்தன என்பதே. இடுப்பில் இருக்கிற குழந்தை பெரியவரின் உடம்போடு சேர்ந்தது. அவர் படி ஏறினால் அதுவும் ஏறும், அவர் வெயிலில் நின்றால் அதுவும் நிற்கும். வண்டியில் இருக்கிற குழந்தை பெரியவருக்கு ஒரு கை நீளம் முன்னால், தனியாக, ஊரைப் பார்த்துக்கொண்டு போகிறது. ஊரும் முதலில் அதைத்தான் பார்க்கிறது. தள்ளுகிறவன் பின்னால் வருகிற நிழல். முன்வைத்தல் என்ற சொல்லின் ஸ்தூலமான அர்த்தம் எனக்கு அங்கேதான் விளங்கிற்று.

இந்த மடக்கு வண்டியை 1965-ல் உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இறங்குசக்கர அமைப்பில் வேலை செய்தவர். பேரக்குழந்தையைக் கனத்த வண்டியில் வைத்துக்கொண்டு மகள் படுகிற பாட்டைப் பார்த்து, விமானத்தில் கற்ற அலுமினியக் குழாயையும் மடிப்பையும் இதற்குக் கொண்டுவந்தாராம். தாத்தா ஒருவர் செய்த காரியம் என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

வண்டி தள்ளுகிறவன் ஊரைக் கண்ணால் பார்ப்பதைவிட மணிக்கட்டால் அதிகம் பார்க்கிறான். மாலகாவின் பிரதான வீதியான லாரியோஸ் தெரு 1891-ல் திறக்கப்பட்டது. 2002-ல் வாகனங்களை அப்புறப்படுத்தி, நடப்பவர்களுக்கென்று பளிங்குபோல் கல் பாவினார்கள். வண்டி அதில் நீரில் போவதுபோல் போயிற்று. ஆனால் அந்த வழவழப்பு என் பேத்திக்காகச் செய்யப்பட்டதில்லை என்பது காதுக்கே தெரியும். எந்த நேரமும் எங்களைச் சுற்றி உல்லாசப் பயணிகளின் பெட்டிச் சக்கரங்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. வீடுகளெல்லாம் பயணிகளுக்கான வாடகை அறைகளாகிவிட்டன, ஊர்க்காரனுக்கு இருக்க இடமில்லை என்று 2024 ஜூன் 29 அன்று ஆயிரக்கணக்கானோர் இந்த ஊரில் ஊர்வலம் போனார்கள். பெட்டிக்காக இழைத்த தெருவில் குழந்தையும் சுகமாகப் போகிறது, அவ்வளவுதான்.

தெரு முடிந்ததும் படிகள் தொடங்குகின்றன. பதினோராம் நூற்றாண்டில் முஸ்லிம் அரசர்கள் எழுப்பிய அல்கசாபா கோட்டையின் வாசல் வழிகள் வேண்டுமென்றே வளைத்து வளைத்துக் கட்டப்பட்டவை. படையெடுத்து வருகிறவன் நேராக ஓடி வந்துவிடக் கூடாது. தரையெல்லாம் கூழாங்கல். எதிரியையும் பதினோரு மாதக் குழந்தையையும் அந்தக் கோட்டை ஒரே மாதிரி நடத்துகிறது. இதில் ஒரு நேர்மை இருப்பதாகப் பட்டது எனக்கு. பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

மற்ற இடங்களில் திரும்ப வேண்டியிருக்கவில்லை. கைகள் வந்தன. கதீட்ரலின் முன்படிகளில் நான் வண்டியை நிறுத்தி யோசிப்பதற்குள் ஒரு இளைஞன் முன்சக்கரங்களைப் பிடித்துத் தூக்கினான். (தெற்குக் கோபுரம் கட்டி முடிக்கப்படாமலேயே நின்றுபோன இந்தக் கதீட்ரலை ஊர்க்காரர்கள் செல்லமாக ‘ஒற்றைக்கைக்காரி’ என்கிறார்கள்.) மருந்துக்கடை வரிசையில் என்னை முன்னால் அனுப்பினார்கள். பூங்காவில் ஒரு கிழவி குனிந்து, குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்து, காலுறை போடவில்லை என்று என்னைக் கண்டித்தாள். பாஷை புரியாவிட்டாலும் அது கண்டிப்பு என்பதில் சந்தேகமில்லை. நம்மூர்க் கிழவிகளும் அதே ஸ்தாயியில்தான் கண்டிப்பார்கள். முதல் நாள் மட்டும் எண்ணினேன். ஒன்பது பேர். யாரும் நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று கேட்கவில்லை. இரண்டாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டேன். அது எண்ணத் தக்க விஷயமாக இல்லை. மூச்சைப்போல நடந்தது.

மூச்சைப்போல நடப்பதை அறம் என்று சொல்லலாமா?

துறைமுகப் பக்கம் கடலோர நடைபாதையில் ஆப்பிரிக்க இளைஞர்கள் தரையில் துணி விரித்து, கைப்பையும் கறுப்புக் கண்ணாடியும் விற்கிறார்கள். துணியின் நான்கு முனையிலும் கயிறு கட்டியிருக்கும். போலீஸ் வந்தால் ஒரே இழுப்பில் அத்தனையும் மூட்டையாகி முதுகுக்குப் போய்விடும். மூன்றாம் நாள் ஒரு குறுகலான படிக்கட்டில் இரண்டு பேர் என் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஏற, மேலிருந்து ஒருவன் மூட்டையோடு ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தான். முகத்தில் அவசரம். எங்களைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்றான். வண்டி முழுவதும் மேலே போகிறவரை நின்றான். ஐந்து வினாடி இருக்கும், ஆறு வினாடி இருக்கும். தூக்கியவர்கள் அவனைப் பார்க்கவில்லை. அந்த நான்கு நாட்களில் குழந்தைக்காக ஏதாவது விலை கொடுத்தவன் என்று சொல்வதானால் அவன் ஒருவனைத்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கொடுத்தது கையில் மிஞ்சியிருந்ததை. இதை அவர்களைக் குறைத்துச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. மிஞ்சியிருப்பதைக்கூடக் கொடுக்காத ஊர்களில் நான் வாழ்ந்திருக்கிறேன்.

சீனத் தத்துவவாதி மென்சியஸின் பிரசித்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தை கிணற்றில் விழப்போகிறது. அதைப் பார்க்கிற எவனுக்கும் நெஞ்சு பதறும். பெற்றவர்களின் தயவுக்காகவோ ஊரார் மெச்சுவதற்காகவோ அல்ல, தானாகவே பதறும். ஆகவே மனித சுபாவத்தில் கருணை இருக்கிறது என்கிறார். உதாரணம் ஏன் குழந்தை? கிணற்றடியில் கடன்காரன் ஒருவனை நிறுத்தியிருக்கலாம். பதறுகிற நெஞ்சுக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றுவிடும்: யார் இவன், எப்படி விழுந்தான், குடித்திருந்தானா? கேள்வி எழாதபடி இருப்பதற்காகத்தான் குழந்தை. மென்சியஸ் இதை அறியாதவர் அல்ல. இந்தப் பதற்றத்தை அவர் முளை என்றுதான் சொல்கிறார், மரம் என்று சொல்லவில்லை. முளையை மரம் என்று எடுத்துக்கொண்டு அதன் நிழலில் உட்காருவது பின்னால் வந்த நம் வேலை.

பேருந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நகரின் கிழக்கே எல் பாலோ என்ற பழைய மீனவர் குடியிருப்புப் பக்கம் போகிற பேருந்து. கூட்டம். நடுக்கதவுக்கு எதிரே ஒரே ஒரு வெற்றிடம். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் பொதுவானது. அதில் என் வண்டி. பேத்தி தூங்கிவிட்டாள். ஒரு நிறுத்தத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சக்கர நாற்காலியில் காத்திருந்தார். ஓட்டுநர் சாய்பலகையை இறக்கினார். உடனே என் பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் உதட்டில் விரலை வைத்து, தூங்குகிற குழந்தையைக் காட்டி, பின்னால் கையை வீசினாள். அடுத்த பஸ்ஸில் வாருங்கள் என்று அர்த்தம். இன்னும் இரண்டு மூன்று பேர் தலையசைத்தார்கள். எல்லார் முகத்திலும் அப்படி ஒரு கனிவு. முதல் நாள் படிகளில் என் வண்டியைத் தூக்கிய அதே கனிவு. அது இப்போது ஒரு மனிதனைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போகத் தயாராக இருந்தது. முகத்தில் ஒரு ரேகைகூட மாறவில்லை.

வாரை அவிழ்த்துக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைக் காலால் மடக்கினேன். அவள் விழித்து வீரிட்டாள். பேருந்து முழுவதும் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கத் தேவையில்லை. அவர் ஏறி, நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. அழுகிற குழந்தையைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூட இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவர் இடத்துக்கு அவர் வந்திருக்கிறார், நன்றி எதற்கு? சாயங்காலம் மகளிடம் சொன்னபோது, “தூங்கறவளை எழுப்பிட்டீங்களா அப்பா? அடுத்த பஸ் பத்து நிமிஷத்துல வந்திருக்குமே” என்றாள். அடுத்த பஸ்ஸிலும் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்குமே என்றேன். இருவரும் மேற்கொண்டு பேசவில்லை.

இதே பிரச்னை இங்கிலாந்தில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2012-ல் சக்கர நாற்காலியில் வாழும் டக் பாலி என்பவர் ஒரு பேருந்தில் ஏற முயன்றார். அந்த இடத்தில் ஒரு குழந்தை வண்டி, குழந்தை தூக்கத்தில். ஓட்டுநர் கேட்டுப் பார்த்தார். வண்டி மடங்காது என்று தாய் சொல்லிவிட்டாள். பாலி ஏற முடியவில்லை. 2017-ல் வந்த தீர்ப்பு, வெறுமனே கேட்டுவிட்டு மறுத்தால் சும்மா இருந்துவிடுவது போதாது, ஓட்டுநர் இன்னும் அழுத்தம் கொடுக்க வேண்டும், வேண்டுமானால் சில நிமிஷம் பேருந்தை எடுக்காமல் நிறுத்தி வைக்கலாம் என்றது. ஆனால் யாரையும் பலவந்தமாக இறக்கிவிட வேண்டிய கடமை இல்லை என்றும் சொன்னது. மழுப்பலான தீர்ப்பு என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேருந்தை நிறுத்தி வைப்பது என்றால் அதிலுள்ள அத்தனை பேரையும் கேள்விக்குள் கொண்டுவருவது. குழந்தையை முன்வைத்தால் கேள்வி எழாது என்றேனே, அந்த மௌனத்தில் சில நிமிஷம் எல்லாரையும் உட்கார வைக்கச் சொல்கிறது சட்டம். சட்டம் அதற்கு மேல் போக முடியாது.

நம் கலைகள் இந்த மௌனத்தை நிறையவே பயன்படுத்தியிருக்கின்றன. ஃபிலிம் சொஸைட்டி வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு வண்டி என்றதும் ஐஸன்ஸ்டைனின் ‘போட்டெம்கின்’ (1925) ஞாபகம் வந்திருக்கும். ஒதேஸ்ஸா படிக்கட்டு, சுடப்பட்டு விழுகிற தாய், தானே உருண்டு இறங்குகிற குழந்தை வண்டி. 1905-ல் அந்த நகரத்தில் ஜனங்கள் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் அந்தப் படிகளில் படம் காட்டுகிற விதத்தில் ஒரு படுகொலை நடக்கவில்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் கப்பல்துறைப் பக்கத்தில் இருந்த பெரியவர்கள்; கலகக் கும்பல், குடித்தவர்கள், கொள்ளையடித்தவர்கள்கூட. அவர்களுக்காக நாம் அழ மாட்டோம் என்று ஐஸன்ஸ்டைனுக்குத் தெரிந்திருந்தது. மேதையல்லவா, வண்டியை உருட்டிவிட்டார்.

இவான் கரமாஸோவின் விஷயம் இன்னும் சிக்கலானது. கடவுளின் ஏற்பாட்டுக்கு எதிராக அவன் அல்யோஷாவிடம் வாதாடும்போது, பெரியவர்களின் துன்பத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை, குழந்தைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று எடுத்த எடுப்பிலேயே எல்லை வகுத்துவிடுகிறான். இது தன் வாதத்தின் பரப்பைச் சுருக்குகிறது என்று ஒப்புக்கொண்டும் அப்படிச் செய்கிறான். பெரியவர்கள் கனியைத் தின்றவர்கள், பாவத்தில் பங்குள்ளவர்கள். குழந்தைகள் எதையும் தின்னவில்லை. வாதம் தகர்க்க முடியாததாகிவிடுகிறது, சரி. ஆனால் அதே உரையாடலில் சற்று முன்னால் அவன் சொல்லியிருப்பது என்ன? பக்கத்திலிருக்கும் மனிதனை நேசிப்பது எப்படி என்று தனக்குப் புரிந்ததே இல்லை, தூரத்தில் இருப்பவனை வேண்டுமானால் நேசிக்கலாம் என்கிறான். குழந்தைகளை மட்டும் பக்கத்திலும் நேசிக்க முடிகிறதாம். நாம் இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகப் படித்துப் பழகிவிட்டோம். குழந்தைகளுக்காகக் கண்ணீர் விடுகிற இவானும் அடுத்தவனைச் சகிக்க முடியாத இவானும் ஒருவன்தான். முதலாவது இரண்டாவதற்குக் கிடைத்த சலுகை என்றுகூடச் சொல்லலாம்.

நம் சிறுகதைகளில் கடைசிப் பாராவில் ஒரு குழந்தை வந்து சிரிப்பதைப் பற்றி எழுதினால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். விட்டுவிடுகிறேன்.

குழந்தைக்கு உதவாதே என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் கேள்வி, உதவிக்குத் தகுதியாக எதை வைக்கிறோம் என்பது. குழந்தை குற்றமற்றது, ஆகவே அதைத் தூக்கு என்கிறோம். அந்த ‘ஆகவே’யை ஏற்றுக்கொண்ட கணத்தில், தூக்கப்பட விரும்புகிற ஒவ்வொரு பெரியவனும் தான் குற்றமற்றவன் என்று நிரூபிக்க வேண்டியவனாகிறான். குற்றமற்றவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கிற மனம், குற்றவாளிகளை மட்டும் பொறுக்கி எடுக்கிற மனத்துக்கு அண்டை வீடு. மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். மாலகாவிலேயே இதற்கு சாக்ஷி இருக்கிறது. 1937 பிப்ரவரி 8 அன்று ஃப்ராங்கோவின் படைகளும் முஸோலினி அனுப்பிய இத்தாலியத் துருப்புகளும் இந்த நகரத்தைப் பிடித்தன. அதன்பின் ராணுவ நீதிமன்றங்கள் அவசர அவசரமாக விசாரித்து, சுட்டு, சான் ரஃபேல் மயானத்தில் குழிகளில் தள்ளின. 2006-க்கும் 2009-க்கும் இடையில் தோண்டி எடுத்தபோது 2,800-க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் கிடைத்தன. அந்த நீதிமன்றங்களும் ‘நீ என்ன செய்தாய்?’ என்றுதான் ஆரம்பித்தன.

இந்த ஊரில் பிறந்த பிக்காஸோ இதை வரையவில்லை. 1937 ஜனவரியில் பாரிஸ் கண்காட்சிக்காக ஒரு பெரிய ஓவியம் வேண்டுமென்று குடியரசு அரசாங்கம் அவரைக் கேட்டுக்கொண்டது. பிப்ரவரியில் அவர் பிறந்த நகரம் வீழ்ந்தது. அவர் தூரிகையை எடுத்தது ஏப்ரல் 26 அன்று கெர்னிகா மீது குண்டு விழுந்த பிறகு. அந்த ஓவியத்தில் இடது ஓரத்தில் செத்த குழந்தையை ஏந்திக் கதறுகிற தாயைப் பார்த்து அழாதவர் இல்லை. அவள் காலடியில் விழுந்து கிடக்கிற ஆண்பிள்ளையோ சிலைபோல் உடைந்து கிடக்கிறான். அவனுக்கு சதை கொடுக்கவில்லை பிக்காஸோ. இதைக் குறையாகச் சொல்வதா, நேர்மையாகச் சொல்வதா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

நகரம் விழப்போகிறது என்று தெரிந்ததும் ஜனங்கள் வெளியேறினார்கள். போக்கிடம் ஒன்றுதான்: கிழக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, இன்னும் குடியரசின் கையிலிருந்த அல்மெரியா. பாதையும் ஒன்றுதான், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். பல்லாயிரக்கணக்கானோர், ஒரு லட்சத்துக்கு மேல் என்று சொல்கிற கணக்குகளும் உண்டு. கடலிலிருந்து போர்க்கப்பல்கள் சுட்டன, வானத்திலிருந்து விமானங்கள். செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். எவ்வளவு பேர் என்று யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை.

எதிர்த் திசையிலிருந்து ஒரு வண்டி வந்தது. நார்மன் பெத்யூன். நம்மில் பலருக்கு அவரை 1939-ல் மாவோ எழுதிய அஞ்சலிக் கட்டுரை மூலம் தெரியும். அதில் அவர் ஒரு முன்மாதிரி, கிட்டத்தட்ட ஒரு சுவரொட்டி. 1937 பிப்ரவரியில் அவர் கனடாவிலிருந்து வந்த ஒரு அறுவை மருத்துவர், போர்முனைக்கே ரத்தம் கொண்டு போகிற நடமாடும் ரத்ததான நிலையத்தை அமைத்தவர், மாலகாவுக்கு ரத்தம் எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். வழியிலேயே நகரம் வீழ்ந்த செய்தி. எதிரே முடிவில்லாமல் ஜனங்கள். வண்டியிலிருந்த சாமான்களை இறக்கிவிட்டு ஆட்களை ஏற்ற ஆரம்பித்தார். நான்கு நாள், இரவும் பகலும், அவரும் ஹேஸன் ஸைஸ் முதலிய உதவியாளர்களும் அல்மெரியாவுக்கும் பாதைக்குமாக ஓட்டினார்கள். ஸைஸ் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. பெத்யூன் எழுதிய சிறு பிரசுரமும் இருக்கிறது.

அந்தப் பிரசுரத்தில் எல்லாரும் எடுத்துக் காட்டுவது துயரத்தின் பக்கங்களை. என்னை நிறுத்தியது வேறு ஒரு இடம். வண்டியில் எத்தனை பேர் ஏற முடியும்? சில பத்துப் பேர். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் ஆயிரம். முதலில் எல்லார் மனதிலும் வருகிற விதிதான் அவருக்கும் வந்தது: குழந்தைகள், தாய்மார்கள். விதியை நடைமுறைப்படுத்தினார். கணவனிடமிருந்து மனைவியை, தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பிரித்து ஏற்றிப் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை. விதியை மாற்றினார்: சிறு குழந்தைகள் அதிகமாக இருக்கிற குடும்பங்கள் முழுசாக, அப்புறம் யாருமில்லாத குழந்தைகள். அப்படி யாருமில்லாத குழந்தைகள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

இரண்டாவது விதி முதலாவதைவிடச் சரியானதா? கணக்குப் பார்க்கிறவன் இல்லை என்பான். ஒரு தகப்பன் ஏறிய இடத்தில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருக்கலாம். கணக்கில் அவன் சொல்வது சரி. ஆனால் முதல் விதியில் குழந்தை மட்டும் இருந்தது, தனியாக, ஒரு கை நீளம் முன்னால். இரண்டாவதில் குழந்தையோடு ஒரு பெரியவனும் இருக்கிறான். குழந்தைக்குத் தேவை என்பதால் மட்டும் அல்ல, பிரியும்போது அவன் முகம் போன போக்கை ஓட்டுகிறவர்கள் பார்த்துவிட்டதால். ஒரு பெரிய ஆண்பிள்ளையின் முகத்தைப் பார்த்து விதி மாறியது என்பது, துன்பத்தைப் பற்றி நான் படித்த எழுத்துக்களில் அபூர்வமாகக் கிடைத்த ஒன்று. என் வண்டியைத் தூக்கிய ஒன்பது பேருக்கு எந்த விதியும் தேவைப்படவில்லை. இரண்டு கை போதுமானதாக இருந்தது. கை போதாமல் போகிறபோதுதான் விதி வேண்டியிருக்கிறது. விதி யாரையாவது பாதையில் விட்டுவிட்டுப் போகும். விடப்பட்டவனைத் திரும்பிப் பார்க்கிறவனுக்குத்தான் அது மாற்ற வேண்டிய விதி என்று தெரியும். மாற்றிய விதியும் யாரையாவது விட்டுவிட்டுப் போகும் என்பதும் அவனுக்கே தெரியும்.

நான்காம் நாள் நகரின் கிழக்கு ஓரத்துக்குப் போனேன். கடலை ஒட்டி ஒரு நடைபாதை; பெத்யூனின் நினைவாக 2006-ல் திறக்கப்பட்டது. கனடாக்காரர்களின் பாதை என்று பெயர். சைக்கிளில் போகிறவர்கள், ஓடுகிறவர்கள், நாயோடு நடப்பவர்கள். வெயில் தண்ணீரில் விழுந்து கண்ணைக் கூசிற்று. பேத்தி விழித்திருந்தாள், ஒரு பிஸ்கோத்தை வெகு நேரம் சப்பிக்கொண்டிருந்தாள். நான் அங்கே நின்று யோசித்தது குழந்தைகளைப் பற்றி இல்லை. பெத்யூனின் முதல் விதியிலும் இடமில்லாதவர்கள், இரண்டாவதிலும் இடமில்லாதவர்கள் இருந்தார்களே, அவர்களைப் பற்றி. பிள்ளை இல்லாத தம்பதி. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட கிழவர்கள். தனி ஆள். பாதை ஓரத்தில் படுத்து அப்படியே கிடந்துவிட்ட வயோதிகர்களை பெத்யூன் குறிப்பிடுகிறார். மற்றவர்கள் நடந்தார்கள். 200 கிலோமீட்டரும் நடந்து அல்மெரியா போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். பிப்ரவரி 12 அன்று இரவு அந்த ஊரின் நடுவில், அகதிகள் நெருக்கியடித்துக் கிடந்த தெருக்களில் விமானங்கள் குண்டு போட்டன. வண்டியில் வந்தவர்களும் நடந்து வந்தவர்களும் அதே தெருக்களில்தான் இருந்தார்கள்.